கடையில் கிடைக்காத கேம்ரி

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகளைப் பார்க்க அமெரிக்காவின் வட கரோலினாவுக்குப் போன இடத்தில், மருமகன் அவரை சார்லட் நகருக்குப் பக்கத்தில் நடக்கும் நாஸ்கார் பந்தயத்துக்கு அழைத்துப் போனாராம். “கடையில் வாங்குகிற காரை வைத்து ஓட்டுவதுதான் ஸ்டாக் கார் பந்தயம் என்கிறார் மருமகன். அவர் வீட்டு வாசலில் நிற்பதும் டொயோட்டா கேம்ரி, அங்கே ஓடியதிலும் கேம்ரி இருந்தது. இரண்டும் ஒரே வண்டிதானா?”

இல்லை. மருமகன் சொல்வது 1949-க்குச் சரி.

இன்றைக்கு அமெரிக்காவில் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கும் கேம்ரியில் நாலு சிலிண்டர் எஞ்சினும் அதோடு ஒரு மின் மோட்டாரும் இருக்கும். சாதாரண மாடலில் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். பந்தயக் கேம்ரியில் மோட்டார் கிடையாது. 5.8 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வி-8 எஞ்சின், அது தள்ளுவது பின் சக்கரங்களை. முன் கண்ணாடி என்று நாம் நினைப்பது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஒரு வலை. கதவு கிடையாது, ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் காலை முதலில் நுழைத்து உள்ளே இறங்க வேண்டும். 2022-லிருந்து எல்லா அணிகளுக்கும் எஃகுக் குழாய்ச் சட்டகம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. டொயோட்டா, ஃபோர்டு, செவ்ரோலே மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. தோலும் எஞ்சினும்தான் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது முகப்பு விளக்கு. டிவியில் பார்த்தால் அச்சு அசலாகத் தெரியும். கிட்டே போய் விரலால் தடவினால்தான் விஷயம் புரியும்: அது ஸ்டிக்கர். பள்ளமும் இல்லை மேடும் இல்லை, பல்பும் இல்லை. நிழல், மினுமினுப்பு எல்லாம் அச்சில் வந்தவை. சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கத் திருவிழாக்களில் பொய்க்கால் குதிரை ஆட்டம் பார்க்கும்போது நான் குதிரையின் முகத்தைப் பார்ப்பதில்லை, கீழே தெரியும் மனிதக் கால்களைத்தான் பார்ப்பேன். நாஸ்காரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2023-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஒரு செவ்ரோலே கமாரோவை அனுப்பினார்கள். ராத்திரியெல்லாம் ஓட வேண்டும் அல்லவா? அதற்காக அந்த வண்டிக்கு நிஜமான விளக்கு பொருத்த வேண்டியதாயிற்று.

அந்தக் கமாரோவின் கதை இன்னும் வேடிக்கை. கடைக் கமாரோவின் உற்பத்தி 2023 கடைசியோடு நின்றுவிட்டது. பந்தயக் கமாரோ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. அசல் செத்துப்போன பின்னும் நகல் பிழைத்திருக்கிறது.

ஆரம்பம் இப்படி இல்லை. 1949 ஜூன் 19, சார்லட்டின் மண் பாதையில் நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் இருக்க வேண்டும் என்பது விதி. லீ பெட்டி என்பவர் இரவல் வாங்கிய ப்யூக் காரைச் சாலையிலேயே ஓட்டி வந்து, அதையே பந்தயத்திலும் விட்டு, உருட்டி நொறுக்கினார். பதினோரு வயதுப் பையனாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மகன் ரிச்சர்ட் பின்னாளில் இந்த விளையாட்டின் ராஜாவானார். முதலில் வந்தது க்ளென் டன்னவே ஓட்டிய ஃபோர்டு. சோதித்துப் பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள், சரக்கு ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தொங்காதிருக்கச் செய்யும் வேலை அது. டன்னவேயைத் தள்ளிவிட்டு, இரண்டாவதாக வந்த லிங்கன் காரின் ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். காரின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு தள்ளுபடி ஆனது. கடைக் கார் எது, கைவைத்த கார் எது என்ற தகராறு முதல் பந்தயத்தன்றே தொடங்கிவிட்டது.

அதன் பிறகு கடை உருப்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இதை ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1964 மே மாதம் சார்லட் பந்தயத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. ஜூலையில் அவர் இறந்தார். சாதாரணப் பெட்ரோல் டாங்கியின் இடத்துக்கு உள்ளே ரப்பர் பை வைத்த டாங்கி வந்தது அதற்குப் பிறகுதான். 1970-ல் டார்லிங்டனில் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது அவருடைய தோளும் கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கின. ஜன்னலில் வலை வந்தது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினால் தாங்கும்படி எந்தக் கம்பெனியும் வீட்டுக் காரைச் செய்வதில்லை. செய்தால் நம்மால் வாங்கவும் முடியாது. ஆகவே “பழையபடி கடைக் காரையே ஓட்டட்டும்” என்று கேட்கிற ரசிகர்கள், எத்தனை உயிருக்கு அதைக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆனால் நடுவில் ஓர் அபூர்வமான காலம் இருந்தது. பந்தயத்தில் ஒன்றை ஓட்ட வேண்டுமானால் அதையே கடையிலும் விற்க வேண்டும் என்ற காலம்.

1960-களின் கடைசியில் ஃபோர்டும் கிறைஸ்லரும் காற்றோடு போராடிக்கொண்டிருந்தன. வேகம் கூடக்கூட எஞ்சினைவிட உடம்பின் வடிவம்தான் முக்கியமாகிறது. குறைந்தது 500 கார்களாவது செய்து விற்றால்தான் அந்த வடிவத்தைப் பந்தயத்தில் விடலாம் என்றது விதி. 1969-ல் கிறைஸ்லர் ‘டாட்ஜ் சார்ஜர் டேடோனா’வைக் கொண்டுவந்தது. முன்னால் ஒன்றரை அடி நீளத்துக்கு ஆப்பு மாதிரி ஒரு கூர் மூக்கு. பின்னால் டிக்கிக்கு மேல், இரண்டு கால் நட்டு, கிட்டத்தட்ட இரண்டடி உயரத்தில் ஓர் இறக்கை. இத்தனை உயரம் எதற்கு? கூரையின் மேலிருந்து கலைந்து வரும் காற்றில் சிக்காமல் நல்ல காற்றில் நிற்க என்பார்கள். இன்னொரு காரணமும் சொல்லப்படுவதுண்டு: கார் கடையில் விற்பனைக்கு வருகிறது, வாங்குகிறவர் பெட்டி வைக்க டிக்கி முழுசாகத் திறக்க வேண்டாமா! இந்த இரண்டாவது காரணம் உண்மையோ கதையோ, எனக்குப் பிடித்தது அதுதான். பந்தய எஞ்சினியர் ஒருவர் படம் வரையும்போது சந்தைக்குப் போகும் குடும்பத்தின் பைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பது எவ்வளவு நல்ல கட்டாயம்!

1970 மார்ச்சில் டல்லடேகா பாதையில் பட்டி பேக்கர் ஒரு டேடோனாவை ஓட்டி, மூடிய பாதை ஒன்றில் மணிக்கு 200 மைலைத் தாண்டிய முதல் ஓட்டுநரானார். நம் கணக்கில் 320 கிலோமீட்டருக்கு மேல். அதே ஆண்டு அதன் உடன்பிறப்பான ‘பிளைமவுத் சூப்பர்பேர்ட்’ வந்தது. இந்த முறை 500 போதாது, விற்பனையாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செய்ய வேண்டும் என்று விதி மாறியிருந்தது. 1,900-க்கும் மேல் செய்தார்கள். ஃபோர்டுக்குப் போயிருந்த ரிச்சர்ட் பெட்டி இந்த வண்டிக்காகத்தான் பிளைமவுத்துக்குத் திரும்பினார். அந்த வருட டேடோனா 500 பந்தயத்தையும் சூப்பர்பேர்ட்டே வென்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும் என்பது டெட்ராய்ட் வியாபாரிகளின் பழைய நம்பிக்கை. சூப்பர்பேர்டில் அது பலிக்கவில்லை. பால் வாங்கப் போகிறவருக்கு எதற்கு இறக்கை? கார்கள் கடை வாசலிலேயே வெயிலிலும் பனியிலும் கிடந்தன. சில விற்பனையாளர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, பிளைமவுத்தின் சாதாரண ரோட் ரன்னர் மாடலாக மாற்றித் தள்ளிவிட்டார்கள். 1971-ல் நாஸ்கார் இறக்கைக் கார்களுக்கு 5 லிட்டர் எஞ்சின்தான் என்று கட்டுப்படுத்தியதும் ஆட்டம் முடிந்தது. அன்று சீந்துவாரில்லாமல் நின்ற வண்டிகள், பின்னாளில் ஏலத்தில் பெரும் விலைக்குப் போயின.

இதே விதியின் மறுபக்கத்தை ஆஸ்திரேலியா பார்த்தது. பாதர்ஸ்ட் மலைப் பாதையில் உண்மையாகவே கடைக் கார்கள்தான் ஓடின. 1971-ல் ஆலன் மோஃபட் வென்ற ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-எச்ஓ, பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் குடும்பக் கார். மறுவருடம் ஜூனில் சிட்னிப் பத்திரிகை ஒன்று, மணிக்கு 160 மைல் போகும் கார்கள் சாலைக்கு வரப்போகின்றன என்று முதல் பக்கத்தில் அலறியது. மாநிலப் போக்குவரத்து அமைச்சரும் எதிர்த்தார். கம்பெனிகள் கையைச் சுருட்டிக்கொண்டன; ஃபால்கனின் அடுத்த வடிவம் நான்கு வண்டிகளோடு நின்றது. 1973-லிருந்து பந்தய விதியே மாறிவிட்டது. பயத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பந்தயத்தைக் கடைக்குக் கொண்டுவந்தால் அது சாலைக்கும் வரும்.

நம் ஊரிலும் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்கள் சீறின. இருங்காட்டுக்கோட்டையில் மாருதி எஸ்டீம் பல காலம் ஓடியது. வீட்டு வண்டியைப் பந்தயத்தில் பார்த்த சந்தோஷம் நமக்கும் தெரியும். இன்று மிச்சமிருப்பது பக்கவாட்டில் ஒட்டும் கோடுகளும், ‘ரேசிங் டிஎன்ஏ’ என்ற விளம்பர வாசகமும், சைலன்சரைக் கழற்றிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவை எழுப்பும் பையன்களும்தான். பந்தயத்திலிருந்து வீட்டுக்கு வர வேண்டியது சத்தமா? நல்ல பிரேக், நல்ல டயர், குறைந்த எரிபொருளில் நிறைந்த தூரம், இவை வரட்டுமே.

வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில் என்று ஒரு குட்டிப் பாதை. சுற்று அரை மைலுக்குக் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஓங்கி பிரேக் அடிக்க வேண்டும். பிரேக் டிஸ்க் பழுக்கக் காய்ந்து சிவந்து ஒளிர்வதைப் படங்களில் பார்க்கலாம். அந்தச் சூடு அத்தனையும் வீண். கடையில் இருக்கும் கேம்ரியோ இதே சக்தியைப் பிரேக்கிலிருந்து பிடித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அப்படிப் பிடிக்க வழியில்லாத பந்தயக் கேம்ரிதான் இந்த விஷயத்தில் பழைய வண்டி. கார்புரேட்டரைக்கூட நாஸ்கார் தன் முதன்மைத் தொடரிலிருந்து 2012-ல்தான் விட்டது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வீட்டுக் கார்களில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வந்துவிட்டன.

ஆகவே என் கருத்து இது. சட்டகம், ஓட்டுநரைக் காக்கும் கூண்டு, டாங்கி, வலை இவற்றைத் தொட வேண்டாம். அவை உயிர் கொடுத்து வாங்கிய பாடங்கள். கடைக் காரின் உடம்போடு ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நாஸ்காரின் கைக்குள்ளேயே இருக்கும் இம்சா அமைப்பு இடம் வைத்திருக்கிறது. அங்கே ஓடும் ஹூண்டாய் எலான்ட்ராவின் அடிப்படை உடற்கூடு தொழிற்சாலையில் வந்ததேதான். உள்ளே கூண்டு சேர்த்திருப்பார்கள். வேகம் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் முதன்மைத் தொடரில் ஒரு காரின் பெயரையும் முகத்தையும் ஒட்டிக்கொண்டு ஓடினால், அந்தக் கார் அந்த வருடம் கடையில் இருக்க வேண்டும். அதற்குச் சக்தி தரும் பாகங்களில் ஏதாவது ஒன்று, எஞ்சினோ மோட்டாரோ பேட்டரியோ, வாடிக்கையாளர் வாங்கும் வண்டியில் இருப்பதாக இருக்க வேண்டும். எத்தனை விற்றால் அனுமதி என்றால், 500 அன்றைக்கே போதவில்லை. 5,000 என்று வைக்கலாம்.