எண்ணெய் மிச்சம், ஆள் பற்றாக்குறை

நம் ஊரில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற வேண்டுமானால் மீனம்பாக்கம்தான் போக வேண்டும். ஆனாலும் மலை சுற்ற வடக்கேயிருந்து வருகிறவர்களில் பலர் விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து காரில் வருகிறவர்கள். தேரடி வீதி வியாபாரத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

2025-இல் கார்த்திகை தீபம் டிசம்பர் 3. அதே வாரத்தில்தான் இண்டிகோ விமானங்கள் நாடெங்கும் ரத்தாயின. 5-ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். விமானங்கள் இருந்தன, எண்ணெயும் இருந்தது. ஓட்டுவதற்குத்தான் ஆள் போதவில்லை. இதன் கணக்கைப் பார்த்தால் வியாபாரிகளாகிய நமக்குப் புரியாதது ஒன்றுமில்லை.

இந்திய விமானக் கம்பெனிகளின் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது எரிபொருளுக்கே போகிறது. அது ஜி.எஸ்.டி.க்குள் வராத சரக்கு. மாநிலத்துக்கு மாநிலம் வாட் கட்ட வேண்டும், கட்டியதை வரவு வைத்துக் கழிக்கவும் வழியில்லை. இந்த நிலையில் ஏர்பஸ் கம்பெனி 2010 டிசம்பரில் ஏ320 நியோ என்ற விமானத்தை அறிவித்தது. நடுவில் ஒரே நடைபாதை, இருபக்கமும் மும்மூன்று இருக்கை என்ற பழைய விமானமேதான். எஞ்சின் மட்டும் புதிது. முன்னால் உள்ள விசிறியைப் பெரிதாக்கி, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள வைத்தார்கள். எரிபொருளில் 15 சதவிகிதம் மிச்சம் என்றார்கள்.

மைலேஜ் கொடுக்கும் வண்டியை யார்தான் விடுவார்கள்? இண்டிகோ 2011-இல் 150 நியோ கேட்டது. 2015-இல் 250, 2019-இல் 300, 2023-இல் 500 என்று ஆர்டர் ஏறிக்கொண்டே போனது.

ஆனால் மிச்சம் என்பது வண்டி ஓடினால்தான். கோ ஃபர்ஸ்ட் கம்பெனியின் கதை நினைவிருக்கலாம். அவர்களுடைய 54 விமானங்களில் ஏறத்தாழ பாதி எஞ்சின் கோளாறால் தரையில் நின்றன. ஃபைனான்சில் எடுத்த லாரி பட்டறையில் நின்றாலும் தவணை நிற்காது அல்லவா? 2023 மே மாதம் திவால் மனு கொடுத்துப் பறப்பதை நிறுத்தினார்கள். பழியை எஞ்சின் செய்த பிராட் அண்டு விட்னி மீது போட்டார்கள். அந்தக் கம்பெனி அதை மறுத்தது. 2025 ஜனவரியில் சொத்துகளை விற்றுத் தீர்க்க உத்தரவாகிவிட்டது.

அங்கே வேலையிழந்த விமானிகளில் பலர் வேறு கம்பெனிகளில் சேர்ந்தார்கள். பழைய ஏ320 ஓட்டியவர் சிறு பயிற்சியோடு நியோவும் ஓட்டலாம் என்பது முதலாளிக்கு லாபம். அடுத்த கம்பெனிக்கு மாறுவது சுலபம் என்பதால் விமானிக்கும் லாபம். அதே 2023-இல் ஆகாசா கம்பெனியில் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடியாமலே விலகியதாக வழக்கு டில்லி ஹைகோர்ட் வரை போனது. கடையில் பொட்டலம் கட்டும் பையன் சொல்லாமல் நின்றால் நாமே கட்டிவிடலாம். இங்கே அது நடக்காது.

இனி டிசம்பர் விஷயத்துக்கு வருவோம். வாடகை அதிகமுள்ள புது விமானத்தை இரவும் பகலும் ஓட்டினால்தான் கட்டுபடியாகும். ஓட்டுகிறவருக்கோ தூக்கம் வேண்டும். விமானிகள் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போனதன் பின்னால், வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகவும், வாரத்தில் இரவு இறக்கம் ஆறிலிருந்து இரண்டாகவும் மாறியது. ஓய்வு விதி 2025 ஜூலையிலும், இரவு விதி நவம்பர் 1 முதலும் அமலாயின. விதி வெளியானது 2024 ஜனவரியில். ஏறத்தாழ இரண்டு வருட அவகாசம் இருந்தும் ஆள் கணக்கில் தவறியதாக இண்டிகோவே ஒப்புக்கொண்டது. அரசு அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை இரவு விதியில் தளர்வு கொடுத்து, கால அட்டவணையில் பத்து சதவிகிதத்தையும் குறைத்தது. பாதுகாப்புக்கென்று போட்ட விதியை ஆள் இல்லையென்று தளர்த்தியது நமக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ ஐந்தாறு ஜோடி விமானிகள் வேண்டும். 2023-இல் கேட்ட 500 விமானங்கள் 2030 முதல் 2035-க்குள் வர வேண்டியவை. அவற்றை ஓட்டப்போகிறவர்களில் பலர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள். லைசென்சுக்கே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அந்தந்த விமானத்துக்கென்று தனிப்பயிற்சி. செலவு பல லட்சம். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், கடன் வாங்குமுன் வட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கட்டும்.