தவழ்ந்து எழுந்த பேராசிரியர்!



தவழ்வது யார் என்று கேட்டால், 'எங்கள் வீட்டுத் தம்பிப் பாப்பா' என்று உடனே சொல்வீர்கள். 65 வயதான பேராசிரியர் ஒருவர் தவழ்ந்தார் என்றால் நம்புவீர்களா? அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் தவழ்ந்தார். அவரைத் தவழ வைத்தவர், அவர் பெற்ற மகன்!

'அப்பாவைத் தவழ விட்டாரா? என்ன பிள்ளை இவன்!' என்று கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இது உண்மையில் நடந்த கதை. முழுவதும் கேட்டுவிட்டு, அந்த மகன் செய்தது சரியா, தவறா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பேராசிரியரின் பெயர் பெட்ரோ பாக்-இ-ரீட்டா. ஸ்பெயின் நாட்டின் கேட்டலோனியாவைப் பூர்வீகமாகக் கொண்டவர், கவிஞர். அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள சிட்டி காலேஜில் பாடம் நடத்தி வந்தார். 1959ம் ஆண்டு அவரைப் பக்கவாதம் தாக்கியது. முகமும், உடம்பின் ஒரு பாதியும் செயலிழந்தன. பேச்சும் நின்றுபோனது. வாழ்நாள் முழுக்கப் பேசியும், எழுதியும் வந்த மனிதர், ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் படுக்கையில் கிடந்தார்.

பக்கவாதம் என்றால் என்ன?

நம் மூளையின் எடை சுமார் 1.4 கிலோதான். அதற்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இவை வேலை செய்ய, ரத்தம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, அந்தக் குழாய் வெடித்துவிட்டாலோ, அந்தப் பகுதியில் உள்ள செல்கள் பட்டினி கிடந்து மடிகின்றன. இதுதான் பக்கவாதம்.

மூளையின் இடது பாதி, உடம்பின் வலது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. வலது பாதி, இடது பக்கத்தை ஆட்டி வைக்கிறது. அதனால்தான் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் விழுந்துவிடுகின்றன. கையிலோ, காலிலோ கோளாறு இல்லை. அவற்றுக்குக் கட்டளை போடும் இடத்தில்தான் கோளாறு.

நான்கே வாரம்!

பெட்ரோவுக்கு ஜார்ஜ் என்று ஒரு மகன். அப்போது மெக்சிகோ நாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அப்பா தேறுவதற்கு வழியே இல்லை என்றும், காப்பகம் ஒன்றில் சேர்த்துவிடுவதே நல்லது என்றும் அவரிடம் சொன்னார்கள். ஜார்ஜுக்கு மனம் வரவில்லை. அப்பாவை மெக்சிகோவுக்கே அழைத்துவந்து, தன்னோடு வைத்துக்கொண்டார்.

அங்கே ஒரு மருத்துவமனையில் நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. நான்கு வாரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்கும் வழக்கமும் அந்தக் காலத்தில் இல்லை. ஏன் தெரியுமா? வளர்ந்தவர்களின் மூளை மாறாது. போனது போனதுதான் என்று அன்றைய மருத்துவர்கள் நினைத்தார்கள்.

பெட்ரோவைக் குளிப்பாட்ட வேண்டும். தூக்கித்தான் கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜார்ஜும், வீட்டுத் தோட்டக்காரரும் சேர்ந்து இதையெல்லாம் செய்தார்கள்.

குழந்தைதான் குரு

ஜார்ஜ் படித்துக்கொண்டிருந்தது மருத்துவம்தான். ஆனால், பக்கவாதம் வந்தவருக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு விதத்தில் அதுவே நல்லதாகப் போயிற்று! 'முடியாது' என்று மற்றவர்கள் சொன்னதையே அவரும் சொல்லாமல், யோசிக்க ஆரம்பித்தார். எதுவுமே தெரியாமல் பிறக்கும் குழந்தை எப்படி நடக்கக் கற்றுக்கொள்கிறது? முதலில் தவழ்கிறது, பிறகு நிற்கிறது, அப்புறம்தான் நடக்கிறது. அப்பாவும் அங்கிருந்தே தொடங்கட்டும் என்று முடிவு செய்தார்.

அப்பாவின் முழங்காலுக்கு மெத்தை போன்ற உறைகள் வாங்கி மாட்டினார். முதலில் கையும் காலும் தாங்கவில்லை. பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு, பலவீனமான தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சுவரோரமாகவே பெட்ரோ தவழ்ந்தார். இப்படியே பல மாதங்கள்! வீட்டுக்குள் தவழ்ந்தவர், பிறகு தோட்டத்திலும் தவழ்ந்தார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். ஒரு பேராசிரியரை நாய் போலத் தவழ விடுவது அழகா என்று கேட்டார்கள். ஜார்ஜ் நிறுத்தவில்லை. பெட்ரோவும் நிறுத்தவில்லை.

அடுத்து, விளையாட்டு. ஜார்ஜ் தரையில் கோலிக்குண்டை உருட்டுவார். அப்பா அதைப் பிடிக்க வேண்டும். காசுகளைத் தரையில் போடுவார். அப்பா, பலவீனமான வலது கையால் பொறுக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் வேலையும் பயிற்சி ஆனது. நல்ல கையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் உள்ளே சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். வலப்பக்கமாக 15 நிமிடம், இடப்பக்கமாக 15 நிமிடம். கை கண்டபடி இழுத்துக்கொண்டு போகாமல், பாத்திரத்தின் விளிம்பு அதைத் தடுத்தது. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள்!

மூன்று மாதம் போல ஆனபோது, பேச்சு திரும்புவதற்கான அறிகுறி தெரிந்தது. பிறகு, எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது. தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நடுவிரலை எழுத்துக்கு மேலே வைத்து, முழுக் கையையும் தொப்பென்று போட்டு ஓர் எழுத்தைத் தட்டினார். அது பழகியதும் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டினார். கடைசியில் ஒவ்வொரு விரலாகத் தட்டினார்.

ஓர் ஆண்டு ஓடியது. பெட்ரோ நியூயார்க்கிற்குத் திரும்பிப் போய், மீண்டும் சிட்டி காலேஜ் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தினார்!

மூளை காட்டிய அதிசயம்

பெட்ரோ அதன்பின் பல ஆண்டுகள் சுறுசுறுப்பாக வாழ்ந்தார். 72 வயதில், கொலம்பியா நாட்டில் சுமார் 9,000 அடி உயர மலையில் ஏறியபோது, மாரடைப்பு வந்து இறந்தார். மேரி ஜேன் அகுய்லர் என்ற மருத்துவர் அவரது மூளையை ஆராய்ந்தார். பெட்ரோவின் இன்னொரு மகனும், மூளை ஆராய்ச்சியாளருமான பால் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

பக்கவாதம் ஏற்படுத்திய சேதம் ஆறவே இல்லை! மூளையிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் நரம்புகளில் 97 சதவீதம் அழிந்து கிடந்தன. அப்படியானால், அவர் நடந்ததும், தட்டச்சு செய்ததும், மலை ஏறியதும் எப்படி?

உங்கள் ஊரில் தேரோட்டம் நடக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீதியில் பஸ் போகாது. அதற்காக ஊருக்குள் போக்குவரத்தே நின்றுவிடுமா? சந்து பொந்துகளில் சுற்றிக்கொண்டு போவோம். முதலில் சிரமமாக இருக்கும். போகப்போகப் பழகிவிடும். மூளையும் இதையே செய்கிறது. இறந்த செல்கள் உயிர்த்து எழவில்லை. மிச்சம் இருந்த செல்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, பழைய வேலையை ஏற்றுக்கொண்டன. ஆனால், சந்து தானாகச் சாலை ஆகாது. ஆயிரம் முறை நடந்தால்தான் பாதை விழும். பெட்ரோ அந்த ஆயிரம் முறையை நடந்தார், அதாவது, தவழ்ந்தார்!

மூளையின் இந்த வளைந்துகொடுக்கும் தன்மையைப் பற்றி ஆராய்வதிலேயே பால் பாக்-இ-ரீட்டா தன் வாழ்நாளைச் செலவிட்டார். 2006ம் ஆண்டு அவர் காலமானார்.

நல்ல கைக்கு உறை!

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டாப் என்ற உளவியல் அறிஞர் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார். பக்கவாதம் வந்தவர், விழுந்துபோன கையால் எதையோ எடுக்க முயல்வார், முடியாது. மறுபடி முயல்வார், முடியாது. பிறகு, எல்லாவற்றையும் நல்ல கையாலேயே செய்யத் தொடங்கிவிடுவார். அந்தக் கையில் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தாலும், அதைப் பயன்படுத்தாமலே மூளை பழகிவிடும்.

இதற்கு டாப் கண்ட வழி வேடிக்கையானது. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டார்! விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் கைக்கு ஓய்வு. பலவீனமான கைதான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். தினமும் பல மணி நேரப் பயிற்சி வேறு. இப்படி இரண்டு வாரங்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது அசைக்க முடிந்தவர்களுக்குத்தான் இந்த முறை. 222 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2006ம் ஆண்டு வெளியானது. இந்தப் பயிற்சி பெற்றவர்களின் கை மற்றவர்களின் கையைவிட நன்றாக முன்னேறியிருந்தது.

நம் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கண்ணாடியைக் கருவியாக்கினார். கையை இழந்த பிறகும், இல்லாத அந்தக் கையில் வலிப்பதாகத் துடிப்பவர்களுக்காக அவர் அமைத்த முறை அது. நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், மற்றக் கையும் அசைவது போலத் தெரியும். 1999ம் ஆண்டு அவரும் அவரது குழுவினரும், பக்கவாதம் வந்த ஒன்பது பேருக்கு இதைச் செய்து பார்த்தார்கள். இன்று பல இயன்முறை மருத்துவர்கள் இந்தக் கண்ணாடிப் பயிற்சியைக் கொடுக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஒன்றை மறக்கக் கூடாது, குழந்தைகளே. எல்லாரும் பெட்ரோவைப் போல முழுமையாகத் தேறிவிடுவதில்லை. சேதம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலர் எவ்வளவு முயன்றாலும் ஓரளவுதான் முன்னேற முடியும். அது அவர்களின் சோம்பல் அல்ல. பயிற்சியை எப்போது தொடங்குவது, எவ்வளவு செய்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்த முதல் நாளிலேயே அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுப்பதும் நல்லதல்ல.

உங்கள் தாத்தாவுக்கோ, பாட்டிக்கோ பக்கவாதம் வந்திருக்கலாம். அவர்கள் சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறும்போது, ஓடிப்போய் நீங்களே போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகட்டும், பத்து நிமிடம் ஆகட்டும். அவர்கள் உதவி கேட்டால் மட்டும் கை கொடுங்கள். பேச்சு குழறினால் சிரிக்காதீர்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். பேச வராவிட்டாலும், பலருக்கு நாம் பேசுவது புரியும்.

இன்னொன்று. யாருக்காவது திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை துவண்டு விழுந்தால், பேச்சு குழறினால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரோ, மாத்திரையோ கொடுக்கக் கூடாது. மணி என்ன என்று பார்த்து எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

செய்து பாருங்கள்

வலது கைப் பழக்கம் உள்ளவர்கள், இடது கையால் உங்கள் பெயரை எழுதுங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், வலது கையால் எழுதுங்கள். கோணல்மாணலாக வரும். பரவாயில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை வீதம் பத்து நாள் எழுதி, அந்தத் தாள்களைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள், முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மூளைக்குள் ஒரு புதுப் பாதை விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

எத்தனையாவது நாளில் எழுத்து நேராக வரத் தொடங்கியது என்று அம்மா, அப்பாவிடம் காட்டுங்கள். இப்போது சொல்லுங்கள்: அப்பாவைத் தவழ வைத்த ஜார்ஜ், நல்ல பிள்ளைதானே?