வாங்கிய பெட்டியும் கையாற் செய்த பெட்டியும்

ஒரு கல்லூரியோ சிறு அலுவலகமோ தன் மின்னஞ்சலையும் இணையப் பக்கங்களையும் தன் கூரையின் கீழேயே வைத்து நடத்த விரும்பின், அதற்கு ஒரு சேவையகக் கணனி வேண்டும். அதனை ஆயத்தமாக விலைக்கு வாங்குவதா, உறுப்புகளைப் பொருத்தி நாமே அமைப்பதா? கலிபோர்னியாவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இரு முயற்சிகள் இவ்வினாவுக்கு ஒளி தருகின்றன என்பது என் எண்ணம்.

முதலாவது, கோபால்ட் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கியூப்’. ஏழு அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட நீலநிறக் கனசதுரம் அது. உள்ளே லினக்ஸ் இயங்கிற்று. வாங்கியவர் அதனை அறிய வேண்டியதில்லை. வேறொரு கணனியின் உலாவி வழியாகவே அனைத்தையும் ஆளலாம். கணனிக் கலை பயிலாதார்க்கு அஃது ஒரு வரப்பிரசாதமே.

இரண்டாவது, 1999 இல் கூகிள் நிறுவனத்தார் தாமே அமைத்த கணனிகள். மலிவான உறுப்புகளை வாங்கினர். ஒரே தட்டில் நான்கு தாய்ப்பலகைகளைக் கிடத்தினர். மின்காப்புக்குத் தக்கைத் தாளை விரித்தனர். உறுப்புகள் பழுதுறும் என்பதை முன்னரே உணர்ந்து, ஒன்று வீழின் மற்றொன்று தாங்குமாறு மென்பொருளை எழுதினர். அழகற்ற அத்தட்டுகள் இன்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

கியூபின் கதி யாது? 2000 ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஏறத்தாழ 200 கோடி டொலருக்குக் கோபால்ட்டை வாங்கிற்று. 2003 இல் அவ்வரிசைக் கருவிகள் கைவிடப்பட்டன. சன் நிறுவனமும் 2010 இல் ஒராக்கிளின் வசமாயிற்று. செய்தவன் கைவிட்ட கருவியைக் காப்பவர் யார்? இங்கேதான் ஓர் ஆறுதல் உண்டு. கியூபின் நிர்வாக மென்பொருளுடைய மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டமையால், பயனாளர் சிலர் அதனைச் சாதாரணக் கணனிகளிலும் இயங்கச் செய்து, ‘புளூகுவாட்ஸ்’ என்ற பெயரில் பேணி வந்தனர். பெட்டி மடிந்தது, அதன் உயிர் மடியவில்லை.

ஆகவே, வாங்குவது இழிவுமன்று, செய்வது மட்டுமே உயர்வுமன்று. கூகிளுக்குப் பொறியியலாளர் பலர் இருந்தனர். நம் கல்லூரிகளுக்கு அவ்வசதி ஏது? வாங்குவோர் வாங்குக. ஆயின், உள்ளே இருப்பது யாது, அதனைத் திறந்து பார்க்க உரிமை உண்டா, நம் ஏடுகளை வேண்டும்போது வெளியே எடுக்க இயலுமா என்று வினவிய பின்னரே பணத்தைக் கொடுக்க. அத்துடன், கழித்துவிட்ட பழைய கணனியொன்றில் லினக்ஸை நிறுவி, சேவையகமொன்றை அமைக்க மாணவர் சிலரையேனும் பழக்குக. செய்யத் தெரிந்தவனே நன்கு வாங்கவும் வல்லவன்.