‘வால்டன்’ சலிப்பூட்டும் நூலா?

எளிய வாழ்க்கை என்றதும் அடிபடும் பெயர்களில் ஒன்று ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் காங்கார்ட் ஊருக்கு அருகே, வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அவர் வாழ்ந்தார். அந்த அனுபவமே 1854இல் ‘வால்டன்’ நூலாக வெளிவந்தது. அச்சிட்ட 2,000 பிரதிகள் விற்றுத் தீர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின.

இன்றும் பலர் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நூலில் கதை கிடையாது. முதல் அத்தியாயமே மிக நீளம். அதிலும் பலகை, ஆணி, சுண்ணாம்பு என்று வீடு கட்டிய செலவுக் கணக்கு! மொத்தம் 28 டாலர் 12½ சென்ட்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த கிள்ளான் வாசகருக்கு இன்னொரு மனத்தடையும் உண்டு. லயத்து வீட்டில், பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவருக்கு எளிமை தத்துவமல்ல, கட்டாயம். ஹார்வர்டில் படித்தவர், பெற்றோர் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடில் போட்டுக்கொண்டு எளிமையைப் போதிக்கலாமா? கேள்வி நியாயமானதே.

ஆனால், அந்தக் கணக்குதான் நூலின் உயிர். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாள் என்பதே தோரோவின் வாதம். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளானுக்குத் திரும்புகிறவர், காரின் மாதத் தவணையோடு சாலையில் கரையும் நேரத்தையும் கூட்டிப் பார்க்கட்டும். அப்போது அந்தக் கணக்கு சலிக்காது, சுடும்.

தமிழருக்கு இதில் ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டி எடுத்தார்கள். அக்காலத்தில் பாஸ்டன் வணிகர்கள் இந்தியாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார்கள். அதைச் சேமிக்கச் சென்னையில் எழுந்ததே ‘ஐஸ் ஹவுஸ்’, இன்றைய விவேகானந்தர் இல்லம். தம் குளத்து நீரை மதராஸ் மக்களும் பருகுவதாக எண்ணிப் பார்க்கும் தோரோ, தாம் காலையில் பகவத் கீதை படிப்பதையும் அங்கேயே சொல்கிறார்.

நாவல்போல் ஒரே மூச்சில் படித்தால் சலிப்பே மிஞ்சும். மொத்தம் 18 அத்தியாயங்கள். வாரம் ஒன்று போதும்.

தோட்டத்தில் உழைத்த தலைமுறைக்கு எளிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்ததில்லை. அவர்களின் பிள்ளைகள் பலருக்கு அது இன்று வாய்த்திருக்கிறது. எது தேவை, எது ஆசை என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு ‘வால்டன்’ சலிப்பூட்டும் நூலல்ல.