குற்றவியல் நீதிச் சான்றிதழ்: செலவும் ஊதியமும்

கல்விக்குச் செலவிடும் பொருள் வீண்போவதில்லை என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஆயினும் எந்தக் கல்விக்கு, எவ்வளவு, என்ன பயன் கருதி என்று வினவாமல் செலவிடுதல் அறிவுடைமை ஆகாது. வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தின் முதற்குறளிலேயே ஒரு செயலால் அழிவது, ஆவது, பின்னர் விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். இது மாணவர்க்கும் பொருந்தும் அறிவுரையாகும்.

முக்கொம்பைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் திருவரங்கத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளிக்கு வந்து பயிலும் மாணவ மாணவியர் பலர் காவல்துறைப் பணியை நாடுகின்றனர். பட்டத்தோடு குற்றவியல் நீதிச் சான்றிதழும் கையில் இருந்தால் வேலை எளிதில் கிட்டும் என்று கருதி, அஞ்சல்வழியிலோ மாலை வகுப்பிலோ சேர முற்படுகின்றனர். அதற்காக நகையை அடகு வைக்கும் பெற்றோரும் உண்டு. ஆகவே வள்ளுவர் காட்டிய முறையிலேயே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

அழிவது

ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணம் 12,000 ரூபாய், தேர்வுக்கும் நூல்களுக்கும் 3,000, போக்குவரத்துக்கு 5,000 என ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 20,000 ரூபாய். வகுப்பின் பொருட்டு வாரத்தில் ஒருநாள் கூலியை இழக்க நேர்ந்தால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 40 வாரங்களுக்கு மேலும் 20,000 ஆகிறது. கட்டணச் சீட்டில் 12,000 என்று தோன்றுவது உண்மையில் 40,000 ரூபாய்!

ஆவது

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். சார்பு ஆய்வாளர் பணிக்குப் பட்டம் வேண்டும். அதன் தொடக்கம் 36,900 ரூபாய். சான்றிதழ் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் ஊதியம் ஒன்றே. தேர்வில் வெற்றி தருவன எழுத்துத் தேர்வும் உடல்திறனும் ஆகும். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்குச் சிறப்பு மதிப்பெண்களும் உண்டு. எனவே ஊதிய உயர்வைக் கொண்டு 40,000 ரூபாயை மீட்கலாம் என்பது இங்கே நடவாத காரியம். தனியார் நிறுவனம் ஒன்று சான்றிதழுக்காக மாதம் 1,000 ரூபாய் கூட்டித் தந்தாலும், போட்ட முதல் திரும்ப 40 மாதங்கள் ஆகும்.

பிற துறைகளின் நிலையும் இதுவே. வழக்கறிஞர் ஆவதற்குச் சட்டப் பட்டமே வேண்டும். தடய அறிவியல் பணிக்கு அறிவியற் பட்டம் அடிப்படை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் சமூகப் பணியாளராக இடம்பெறக் குழந்தைகள் நலத்தில் ஏழாண்டு ஈடுபாடு வேண்டும். அன்றேல் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராதல் வேண்டும்.

ஊதியம்

அங்ஙனமாயின் இப்படிப்பு பயனற்றதா? அன்று. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் தந்தவர்க்கு இலவசமாகத் தரவேண்டும். இவற்றை அறிந்த ஒருவர் ஒரு தெருவுக்கே துணையாவார். பணியிலுள்ள காவலர்க்கும், சமூகப் பணி, இதழியல் பயில்வோர்க்கும் இவ்வறிவு கைகொடுக்கும். ஆனால் வழி வேறும் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆணைக்குழுக்கள் சட்டத் தன்னார்வலரைத் தேர்ந்து பயிற்சி அளிக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுப் பயிற்சி இலவசம்.

சேருமுன் வினவ வேண்டியவை

1. சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புப் பெற்றதா?
2. நாம் விரும்பும் பணியின் அண்மை அறிவிக்கையில் இச்சான்றிதழ் தகுதியாகவோ முன்னுரிமையாகவோ குறிக்கப்பட்டுள்ளதா?
3. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பாடத்திட்டம் இவற்றைக் கற்பிக்கிறதா, பழைய பிரிவு எண்களையே ஒப்பிக்கச் செய்கிறதா?
4. முன்பு படித்தவர்கள் இன்று எப்பணியில் உள்ளனர்?

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

கல்வி உதவி நல்கும் ஊர்ப் பெரியோர் இதனைக் கருத வேண்டுகிறோம். காவலர், சார்பு ஆய்வாளர் ஆகியோரின் தொடக்க அடிப்படை ஊதிய வேறுபாடு மாதம் 18,700 ரூபாய், ஆண்டுக்கு 2,24,400. சார்பு ஆய்வாளர் தேர்வு எழுதும் தகுதியைத் தருவது பட்டமே. வெற்றி எல்லார்க்கும் உறுதியன்று. எனினும் பட்டமின்றித் தேர்வு எழுதவே இயலாது. ஆதலால் இறுதிப் பருவக் கட்டணம் கட்ட இயலாது படிப்பை நிறுத்த நினைக்கும் ஒரு மாணவிக்கு அந்த 12,000 ரூபாய் சென்று சேருமாயின், அதன் பயன் பன்மடங்காகும்.

முக்கொம்பில் வயலுக்கு வேண்டிய நீர் காவிரியிலும், வெள்ளத்தின் மிகுதி கொள்ளிடத்திலும் செல்லுமாறு நீர் பங்கிடப்படுகிறது. 2018 ஆகஸ்டில் அங்குக் கொள்ளிட மதகுகள் உடைந்தபோது அம்முறை குலைந்ததைக் கண்டு கலங்கினோம். குடும்பத்தின் பொருளும் அத்தகையதே. முதலில் பட்டம், பின்பு தேர்வுப் பயிற்சி. மிகுதி இருப்பின் சான்றிதழ். கடன் வாங்கி அதைப் பெறுதல் வேண்டா. வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்று அதே அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிப்பதையும் நம் மாணவச் செல்வங்கள் மனத்திற் கொள்வார்களாக.