பூனைக்குட்டியின் முதல் வாரங்கள்

பிறந்த பூனைக்குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம். கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. முதல் நாள் சீம்பால் நோய் எதிர்ப்பாற்றல் தருகிறது. 7 முதல் 14 நாட்களில் கண் திறக்கும். நான்காம் வாரம் திட உணவு தொடங்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் கிடங்குகளின் மூலைகளிலும் அட்டைப்பெட்டிக் குவியல்களிலும் பூனைகள் குட்டி போடுவதுண்டு. கண்டதும் குட்டிகளைத் தூக்கிவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று கவனிக்கவும்.

தாய் வராவிட்டால் முதலில் சூடு, பிறகே பால். முதல் மூன்று வாரங்கள் குட்டியால் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. உடல் குளிர்ந்திருந்தால் பால் செரிக்காது. துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைக்கலாம். பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உடலில் நீர் வற்றிக் குட்டி இறந்துபோகும். (இங்க் பில்லரால் பசும்பால் ஊட்டி நாங்களும் ஒன்றை இழந்திருக்கிறோம்.) பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே ஏற்றது. குப்புறப் படுத்த நிலையில் ஊட்டவும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டியபின் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியைத் தடவினால்தான் சிறுநீரும் மலமும் கழியும். தாய்ப்பூனை நக்கிச் செய்யும் வேலை அது.

நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் எடை கூட வேண்டும். எடை குறைந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில்.