அகப்பக்கத்தில் ஆளில்லா வீடுகள்

நெகிரி செம்பிலானில் நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் நடத்தும் அகப்பக்கம் ஒன்று உண்டு. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளி மட்டும் நிற்கிறது. லயங்கள் எங்கே இருந்தன என்று காட்ட மிஞ்சியிருப்பவை, பெரியவர்கள் தேடிக் கொடுத்து அந்த அகப்பக்கத்தில் ஏற்றிய படங்கள்தாம். சென்ற ஆண்டு அதன் பராமரிப்பு என் கைக்கு வந்தது. உள்ளே 14 வார்ப்புருக்கள் இருந்தன. 'தீம்' என்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். (கணினிப் பாடத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தவன் நான். வார்ப்புரு என்ற சொல்லே பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது.) பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று ஒவ்வொரு செயற்குழுவும் ஏற்றிவிட்டுப் போயிருந்தது. நடப்பில் இருந்ததோ ஒன்றே ஒன்று.

"இருந்துவிட்டுப் போகட்டுமே தம்பி, சோறா கேட்கிறது?" என்றார் ஓர் அண்ணன். பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். எங்கள் அகப்பக்கம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. அதில் ஒரு வார்ப்புருவை நிறுத்தி வைத்தால் வாசகர் கண்ணுக்குத்தான் அது மறையும். அதன் கோப்புகள் சர்வர் எனப்படும் வழங்கியில் அப்படியே கிடக்கும். முகவரி தெரிந்த எவரும் அவற்றை நேரடியாக அழைக்கலாம். ஆள் போய்விட்ட லயத்து வீட்டின் பின்கதவு திறந்தே கிடப்பது போலத்தான்.

2011 ஆகஸ்டில் இது உலகம் முழுவதும் தெரிந்தது. 'டிம்தம்ப்' என்பது படங்களைச் சிறிதாக்கித் தரும் ஒரு நிரல். ஏராளமான வார்ப்புருக்களுக்குள் அது பொதிந்திருந்தது. பிளிக்கர், பிளாகர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டுமே அது படம் எடுக்கலாம். ஆனால் முகவரியில் அப்பெயர் எங்காவது இருக்கிறதா என்று மட்டும்தான் சரிபார்த்தது. எனவே பிளாகர் என்று தொடங்கி வேறொருவனின் தளத்தில் முடியும் போலி முகவரியையும் நம்பி, படத்துக்குப் பதில் தீய நிரலை உள்ளே இறக்கியது. இதைக் கண்டறிந்து அறிவித்த மார்க் மான்டரின் தளமே முதலில் தாக்கப்பட்டிருந்தது. வார்ப்புரு நடப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கோப்பு வழங்கியில் இருந்தாலே போதும்.

ஆகவே அகற்ற வேண்டும். அதற்காக அவசரப்படக் கூடாது. வேர்ட்பிரஸில் அழித்த வார்ப்புருவை மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டி கிடையாது. கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் நகல் எடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்து, உறவுமுறை பார்க்க வேண்டும். சில வார்ப்புருக்கள் சேய். அவை ஒரு தாய் வார்ப்புருவைச் சார்ந்தே இயங்கும். சேயின் ஸ்டைல் கோப்பில் 'டெம்ப்ளேட்' என்ற வரியில் தாயின் பெயர் இருக்கும். சேய் நடப்பில் இருக்கும்போது தாயை அழிக்க நிர்வாகப் பக்கம் விடாது. ஆனால் எஃப்.டி.பி. வழியாகக் கோப்புறையையே அழித்தால் தடுக்க யாருமில்லை, பக்கம் சிதைந்துவிடும். எங்கள் நடப்பு வார்ப்புருவும் சேய்தான். அதன் தாய் பட்டியலில் வேலையில்லாமல் கிடப்பது போலவே தெரிந்தது.

கட்டுரைகள் தரவுத்தளத்திலும், முறையாக ஏற்றிய படங்கள் 'அப்லோட்ஸ்' கோப்புறையிலும் இருப்பதால் வார்ப்புரு போனாலும் அவை போகா. வார்ப்புருவின் கோப்புறைக்குள்ளேயே யாராவது எதையாவது போட்டு வைத்திருந்தால்தான் ஆபத்து. தமிழ் எழுத்துருக்கள், கையால் செய்த மொழிபெயர்ப்புக் கோப்புகள் எல்லாம் சேர்ந்தே அழியும். எங்கள் பழைய பொங்கல் வார்ப்புருவுக்குள் பள்ளியின் பழைய குழுப்படம் ஒன்று தலைப்புப் படமாக இருந்தது. அதற்கு வேறெங்கும் நகல் இல்லை. அதை ஊடக நூலகத்துக்கு மாற்றிய பிறகே அழிப்புப் பொத்தானைத் தொட்டேன்.

நிர்வாகப் பக்கத்தின் வழியாகவே, ஒன்றை அழித்ததும் அகப்பக்கத்தைத் திறந்து பார்த்து, பிறகு அடுத்தது என்று போவது நல்லது. வேர்ட்பிரஸ் தானே வெளியிடும் 'ட்வென்டி' வரிசையில் புதியது ஒன்றை விட்டு வையுங்கள். நடப்பு வார்ப்புரு பழுதானால் அது கைகொடுக்கும்.

எங்களிடம் இப்போது சேய், தாய், உதிரி என 3 உள்ளன. அவற்றை மாதம் ஒருமுறை புதுப்பிக்கிறேன். ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற வேலை.